அவள் பெயரில் நான் எழுதியவை

எலெக்ட்ரிகல் படித்த பெண் ஒரு வீட்டில் இருப்பதும் ஒன்று, அந்தத் தெருவுக்கு இலவச ரிப்பேர் கடை திறப்பதும் ஒன்று என்று எங்கள் மயிலாப்பூர் தெருவில் முடிவு செய்திருந்தார்கள். நான் பட்டம் வாங்கிய வாரமே எதிர்வீட்டு மாமி ஒரு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. மாமி கழன்ற மிக்ஸியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

“ஏண்டி, நாலு வருஷம் அங்க என்னதான் படிச்சுண்டு இருந்தே? ஆத்துல இருக்கிற ஃபேனையே ஒன்னால சுத்த வைக்க முடியலையே” என்றாள் அம்மா.

நியாயமான கேள்வி. டிரான்ஸ்ஃபார்மர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில்தான் ஆசை. கட்-ஆஃப் மயிரிழையில் தவறியதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, ட்ரிபிள்-ஈ என்கிற எலெக்ட்ரிகல்தான் கிடைத்தது. ‘எது படித்தால் என்ன, கடைசியில் எல்லோரும் கம்ப்யூட்டர் வேலைக்குத்தானே போகிறார்கள்’ என்று சித்தப்பா தேற்றினார். அவர் சொன்னது பொய்யில்லை. பெரிய கம்பெனிகள் மொத்தமாக ஆள் எடுக்கும் வருஷங்களில் சிவில் படித்தவன், மெக்கானிக்கல் படித்தவன் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவார்கள். நான் முடித்த வருஷம் பார்த்து அள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். என் அதிர்ஷ்டம் எப்போதுமே அப்படித்தான், பந்தியில் நான் உட்கார்ந்த பிறகுதான் பாயசம் தீரும்.

ஆகவே தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே ஒரு துணிக்கடையின் கோடவுன். அடுக்குமாடி வீடுகளில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டிகளை நாங்கள் செய்தோம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தெற்கேயிருந்து வந்த குடும்பம். அண்ணன்மார் எல்லோரும் துணிக்கடை வைத்திருக்க, இவர் ஒருவர் மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் என்று கிளம்பியவர். கிளம்பினாலும் கடை அவரை விடவில்லை. பட்டுச்சேலை செக்‌ஷனில் நிற்கிற பெண் வேட்டி செக்‌ஷனுக்குப் போகக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். அதை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்திருந்தார். சாஃப்ட்வேர் செக்‌ஷன் என்று ஒரு பலகை, ஹார்டுவேர் செக்‌ஷன் என்று ஒரு பலகை, நடுவில் ஒரு தண்ணீர் கேன். சர்டிஃபிகேட்டைப் பார்ப்பார், பலகையைக் காட்டுவார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

நான் ஹார்டுவேருக்குப் போனேன். அதே நாளில் சேர்ந்த இன்னொரு பெண் சாஃப்ட்வேருக்குப் போனாள்.

அவள் பாலவாக்கத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவர்கள் குப்பத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த முதல் பெண் அவள்தான். அப்பாவின் படகு மோட்டாரைச் சின்ன வயதிலிருந்தே பிரித்துப் பூட்டியவள். கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கொடுத்தால் முகம் மலரும். ஒரு சர்க்யூட் போர்டில் அவள் வைக்கிற ஈயப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரே அளவில், மினுமினுப்பாக இருக்கும். நான் வைப்பது காக்காய் எச்சம்.

“போன்ல பாட்டு கேக்கலன்னா எங்கிட்ட வராங்கடி. ரேஷன் கார்டுல பேரு தப்பா கீதுன்னு எங்கிட்ட வராங்க. இன்னா கேட்டா, கம்ப்யூட்டர் பொண்ணாம்” என்று சிரிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் மீன் குழம்பையும் என் தயிர்சாதத்தையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். அவளுக்குப் ப்ரோக்ராம் என்றால் பயம். மனப்பாடம் பண்ணிப் பாஸ் பண்ணியிருந்தாள். அதை என்னிடம் மட்டும் சொன்னாள்.

சேர்ந்த சில மாதத்தில் எங்கள் பெட்டிகளுக்கு ஒரு வியாதி வந்தது. மேல்தொட்டி நிறையப் போகும் நேரம் பார்த்து மோட்டார் நிற்கும், ஓடும், நிற்கும், ஓடும். குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் அலையடிக்க, தொட்டிக்குள் தொங்கும் கம்பிக்கு ஒரு நொடி நிறைந்ததாகவும் மறு நொடி நிறையாததாகவும் தோன்றும். அதை நம்பி மோட்டார் திக்கித் திக்கிக் கடைசியில் புகைந்துவிடும். அடையாறிலிருந்தும் அபிராமபுரத்திலிருந்தும் அசோசியேஷன் செக்ரட்டரிகள் போனில் கத்தினார்கள். சரி செய்யும் வேலையை அண்ணாச்சி அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு வாரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். விஷயம் ரொம்ப எளிது. கம்பி சொன்னதை உடனே நம்பாதே, கொஞ்சம் பொறு, திரும்பக் கேள், அப்போதும் அதையே சொன்னால் நம்பு. நான் பெயர்களைத் தமிழில்தான் வைப்பேன், ஆங்கில எழுத்தில். ‘தண்ணி’, ‘நெறஞ்சாச்சு’ என்று. அந்தக் காத்திருக்கும் பகுதிக்கு ‘கொஞ்சம் இரு’ என்று பெயர் வைத்தேன். எழுதி முடித்ததும் அண்ணாச்சியிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு ஓரளவு படிக்கத் தெரியும். ஓரளவு தெரிந்தவர்களிடம்தான் ஆபத்து.

“என்னம்மா இது? ட்ரிபிள்-ஈ படிச்சவுக எழுதுத மாதிரியே இருக்கு. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்க. ஒனக்கு எதுக்கு இந்த வேலை? ஒன் செக்‌ஷனப் பாரு” என்றார்.

அடுத்த வாரம் அதே ப்ரோக்ராமை அவள் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரு எழுத்து மாற்றவில்லை. தலைப்பில் என் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர், அவ்வளவுதான். என்னுடையது என்றால் அவர் ஏற்காததால், வேறு வழியில்லாமல் நான்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டார்.

“பாத்தியளா? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச கை கைதான். என்ன தெளிவா இருக்கு! பேரக்கூட பிள்ள அழகா தமிழ்ல வச்சிருக்கு பாருங்க.”

அவள் தலை குனிந்துகொண்டாள், அடக்கம் என்று அண்ணாச்சி நினைத்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது. இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றிலிருந்து பண்டமாற்று தொடங்கியது. அவள் ப்ரோக்ராமை நான் எழுதினேன், என் போர்டுகளை அவள் சால்டர் செய்தாள். ‘ட்ரிபிள்-ஈ கைன்னா இது’ என்று அவளுடைய ஈயப் பொட்டுகளைக் காட்டி அண்ணாச்சி என்னைப் பாராட்டினார். கம்பெனி நன்றாக நடந்தது. இரண்டு பேருக்கும் பிடித்த வேலை, இரண்டு பேருக்கும் தப்பான பெயர்.

எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்கும் இருந்தது. ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீசில் அன்றைக்கு அவரவர் தொழில் செய்கிற கருவியை அவரவரே சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். சாஃப்ட்வேர் ஆட்கள் லேப்டாப் வைப்பார்கள். ஹார்டுவேர் ஆட்கள் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் வைப்பார்கள். அவள் மாதா கோவிலுக்குப் போகிறவள். ஆனாலும் பொரி கடலை என்றால் முதல் ஆள். அன்று நான் லேப்டாப்பை என் இடத்தில் வைத்தேன். அவள் சால்டரிங் அயர்னைத் துடைத்து, அவள் இடத்தில் வைத்தாள்.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த அண்ணாச்சி எங்கள் முன்னால் நின்றார். “எடம் மாத்தி வச்சிருக்கியளே” என்று இரண்டையும் தன் கையாலேயே எடுத்து மாற்றி வைத்தார்.

“இல்ல அண்ணாச்சி, கரெக்டா தான் கீது” என்றாள் அவள். “ப்ரோக்ராம் எல்லாம் அவதான் எய்தறா. சால்டரிங் நான் பண்றது. நெசமா.”

நானும் சொன்னேன். ‘கொஞ்சம் இரு’வும் என்னுடையதுதான், முதலில் நான்தான் காட்டினேன், ஞாபகமில்லையா என்று கேட்டேன். அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீசே சிரித்தது.

“தோழிமாருன்னா இப்படி இருக்கணும்டே. ஒருத்திக்காக ஒருத்தி என்னமா பொய் சொல்லுதாளுவ!” என்று சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பொட்டலம் பொரி அதிகமாகக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்லி அதற்குப் பொரி வாங்கிய பிறகு மேற்கொண்டு என்ன செய்ய முடியும்? விட்டுவிட்டோம்.

எங்கள் பெட்டிகளை மொத்தமாக வாங்கிய ஒரு பெரிய கம்பெனி, ஓ.எம்.ஆரில் பெரிய கண்ணாடிக் கட்டடம் வைத்திருப்பவர்கள், அந்தப் ப்ரோக்ராமை எழுதிய பெண்ணைத் தங்களிடம் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கடைப் பெண்ணைக் கல்யாணம் செய்து அனுப்புகிற மாதிரி எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நான் பேப்பர் தட்டில் அல்வாவை வைத்துக்கொண்டு நின்றேன். நான் காத்துக்கொண்டிருந்த வாய்ப்பு வந்து, என்னைத் தாண்டி, தண்ணீர் கேனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அழுகை வந்தது. அல்வா நெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அல்வா நெய் எப்படிக் கண்ணில் படும் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் அவள் சொன்னாள். “நான் போமாட்டேன்டி. அது உன்னுது. அங்க போய் நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?”

அந்த வருஷம்தான் அவள் அப்பாவுக்குத் தோள்பட்டை போயிருந்தது. நைனாவால் வலை இழுக்க முடியவில்லை என்று அவள் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். கீழே இரண்டு தம்பிகள். நானோ மயிலாப்பூரில் அப்பாவின் பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டு ஆசைக்காக வேலை தேடியவள். அவள் போகாவிட்டாலும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

“போடி. நான் எழுதித் தரேன். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கே” என்றேன்.

அவள் போனாள்.

பிறகு பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்தோம். வெயில் ஏறும் வரைக்கும் அங்கே, ஏறிய பிறகு அடையாறில் ஒரு டிபன் கடையில். தன் கம்பெனியின் ப்ரோக்ராமை அவள் வெளியே கொண்டுவர மாட்டாள், அது குற்றம். சிக்கல் இன்னது என்று வாயால் சொல்வாள். நான் யோசித்து எழுதிக் கொடுப்பேன். அவள் திங்கட்கிழமை போய் அதைப் பார்த்து டைப் அடித்துக்கொள்வாள். வெளி ஆள் எழுதியது என்று தெரிந்தால் அவளை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பதிலுக்கு என் பழுதான போர்டுகளை ஒரு பையில் கொடுத்தனுப்புவேன், அடுத்த ஞாயிறு அவை உயிரோடு திரும்பி வரும். “வாரம் பூரா ஏசில உக்காந்துகினு கீறேன்டி. உன் போர்டு வந்தாதான் எனக்குக் கையே கீற மாதிரி இருக்குது” என்பாள்.

யார் யாரை ஏய்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் நன்றாக இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. யாராவது திடீரென்று பக்கத்தில் வந்து ‘இதை இப்போதே மாற்றுங்கள்’ என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தாள். நல்லவேளை, நான் எழுதியவை நன்றாக ஓடியதால் அவளை டீம் லீட் ஆக்கினார்கள். அதற்கு மேல் எப்போதாவது வரும் ஒரு சிக்கலைத் தவிர ப்ரோக்ராம் எழுத வேண்டாம், மற்றவர்களை எழுதச் சொன்னால் போதும். அதில் அவள் கெட்டிக்காரி. மீன் ஏலத்தில் நிற்கிற அம்மாவின் மகள், யாரிடம் எதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியும்.

அப்போதுதான் அவள் சொன்னாள், அவர்களிடம் ஆள் எடுக்கிறார்கள் என்று. “இப்ப உன் முறைடி. நான் இன்டர்வியூ பேனல்ல இருக்க மாட்டேன், தெரிஞ்சவங்கன்னு எச்.ஆர்.கிட்ட எய்திக் குடுத்துட்டேன். நீயா போய் எய்து. உன்ன யாராலயும் தட்ட முடியாது.”

நான் முப்பதைத் தாண்டியிருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருந்தார்கள். அண்ணாச்சியிடம் ஹார்டுவேர் செக்‌ஷனுக்கே தலைவி ஆகியிருந்தேன். எனக்கே தெரியும், இந்தக் கதவு மூடினால் இன்னொன்று திறக்காது.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் என் ரெஸ்யூமேயைப் பார்த்து, “நீங்க ட்ரிபிள்-ஈயா? எல்லாமே ஹார்டுவேர் எக்ஸ்பீரியன்ஸா இருக்கே மேடம்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னார்கள். ஒரு மெஷினிலிருந்து வரும் சிக்னல் அவ்வப்போது நடுங்குகிறது, நடுக்கத்தை ஒதுக்கிவிட்டு உண்மையான மாற்றத்தை மட்டும் எடுக்க வேண்டும். எனக்கு உள்ளூரத் துள்ளியது. என் மேல்தொட்டியே வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறது! யோசிக்கக்கூட இல்லை. கை தானாக ஓடியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். காத்திருக்கும் பகுதிக்கு வழக்கம் போல் ‘கொஞ்சம் இரு’ என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பையன் திரையைப் பார்த்தான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது எங்க மேடம் கோடு ஆச்சே” என்றான். “எங்க ப்ராஜெக்ட் பூரா இந்தப் பேருதான். இதே மாதிரிதான் எழுதுவாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் பதில் சொல்வதற்குள் அவன் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டுவிட்டான். அவள் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காபி. திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

“மேடம், இவங்க உங்க கோடைப் பார்த்துப் படிச்சிருக்காங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். காபியை மேஜையில் வைத்தாள். “இல்லப்பா, அது வந்து...” என்று வாயைத் திறந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். “ஆமாம். இவங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நாங்க முன்னாடி ஒரே கம்பெனில இருந்தோம்.”

ஏன் சொன்னேன் என்றால் வேறு எதைச் சொல்வது? அவள் வேலை போனால் பாலவாக்கத்தில் ஒரு வீடு படுத்துவிடும். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதில்தான் நடக்கிறது. அதெல்லாம் அந்த ஒரு கணத்தில் நினைத்தேனா என்பதும் தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பையனுக்கு நிம்மதி. புதிர் விடுபட்ட சந்தோஷத்தில் கொஞ்சம் அறிவுரையும் சொன்னான். “தப்பில்ல மேடம். ட்ரிபிள்-ஈல இருந்து வர்றவங்க பொதுவா இப்படித்தான், ஒருத்தரைப் பார்த்து அப்படியே எழுதுவாங்க. சொந்தமா யோசிச்சுப் போடப் பழகுங்க. வந்துரும்.”

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் லிஃப்ட் வரை கூட வந்தாள். கதவு மூடும்போது அவள் பட்டனை அழுத்தி ஒரு முறை திறந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கடற்கரைக்கு வந்தாள், என் போர்டுகள் இருந்த பையோடு. எல்லாம் சரி செய்திருந்தாள். பையை என் பக்கம் தள்ளிவிட்டு, “நான் சொல்லிருப்பேன்டி. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ வுடல” என்றாள்.

“தெரியும்” என்றேன்.

தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது. ஒரு வார்த்தை பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்களா, அல்லது அண்ணாச்சி மாதிரி சிரித்திருப்பார்களா என்பதாவது தெரிந்திருக்கும். அலையடிக்கிற தண்ணீருக்கெல்லாம் பொறுமை எழுதிக் கொடுத்த எனக்கு, என் சிநேகிதிக்காக ஒரு மூச்சு பொறுக்க முடியவில்லை. அதை நினைக்கும்போதுதான் அதிகமாக வலிக்கிறது, வேலை கிடைக்காமல் போனதைவிட.

அதன் பிறகு அவள் சிக்கல் எதையும் கொண்டுவரவில்லை. நானும் போர்டு கொடுக்கவில்லை. இப்போதும் எப்போதாவது பார்த்துக்கொள்கிறோம். அவள் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவோம். அவள் மகள் எலெக்ட்ரிகல் எடுக்க வேண்டும் என்கிறாளாம். இவள் கம்ப்யூட்டர் சயின்ஸில்தான் சேர்ப்பேன் என்கிறாள். நான் வாதாடிப் பார்த்தேன். “உனக்கு நடந்தத பாத்துமாடி சொல்ற?” என்று கேட்டாள்.

போன மாதம் ஆயுத பூஜை. அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு கருவியாகத் தடவிப் பார்த்துத்தான் சந்தனம் வைக்கிறார். என் முன்னால் வந்தவர், நான் வைத்திருந்ததைக் கையால் தடவினார். சால்டரிங் அயர்ன்.

“இப்பத்தான் சரியான எடத்துல இருக்கு” என்று சொல்லி, அதற்குப் பொட்டு வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.